குளிரூட்டிய நம்பிக்கை
கடும் பக்கவாதத்தில் வீங்கும் மூளையைக் குளிர்வித்துக் காப்பாற்ற ஜெர்மனியில் தொடங்கிய முயற்சி, 20 ஆண்டுகளில் எங்கே வந்து நின்றது?

முதல் நாள் நிலைமை அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஒரு கையும் காலும் விழுந்திருக்கும். வாய் கோணியிருக்கும். பேச்சு குழறும், அல்லது நின்றே போயிருக்கும். ஆனால் நோயாளி கண் திறந்து பார்ப்பார். நல்ல கையைப் பிடித்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கண்டம் தாண்டிவிட்டது என்று உறவினர்கள் ஊருக்குப் போன் செய்திருப்பார்கள். இரண்டாம் நாள் தூக்கம் அதிகமாகிறது. மூன்றாம் நாள் தட்டி எழுப்பினாலும் விழிப்பதில்லை. ஒரு கண்ணின் பாவை விரிந்துவிடுகிறது. ஸ்கேன் படத்தில் மூளையின் ஒரு பாதி கறுத்து, உப்பி, நடுக்கோட்டைத் தாண்டி மறுபாதியை நெருக்கிக்கொண்டிருக்கிறது.

பக்கவாதங்களில் இது கொடிய வகை. மூளையின் பக்கவாட்டுப் பரப்பில் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோவது நடு மூளைத் தமனி என்ற ஒரே குழாய். அதன் அடிப்பகுதியில் ரத்தக்கட்டி வந்து அடைத்தால் மூளையின் ஒரு பாதியில் பெரும்பங்கு பட்டுப்போகிறது. பட்டுப்போன திசு தண்ணீரை உறிஞ்சி வீங்குகிறது. காலில் வீக்கம் என்றால் தோல் இடம் கொடுக்கும். மண்டையோடு கொடுக்காது. வீங்கிய பாதி நல்ல பாதியைத் தள்ளி, கடைசியில் மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் மூளைத் தண்டை அழுத்துகிறது. இப்படி நேரும் மரணத்துக்குக் காரணம் அடைப்பைவிட, அதைத் தொடர்ந்து வரும் வீக்கம்தான்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நரம்பியல் துறையைச் சேர்ந்த வெர்னர் ஹாக்கேயும் அவரது சகாக்களும் 1996இல் இத்தகைய 55 நோயாளிகளின் கதியை வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் வைத்து, வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகள் அத்தனையும் கொடுத்தும் 78 சதவீதம் பேர் இறந்தார்கள். புற்றுக் கட்டிகளுக்குச் சொல்லும் அதே அடைமொழியை இந்தப் பக்கவாதத்துக்கும் அவர்கள் சூட்டியதில் மிகையில்லை.

மருந்து தோற்ற இடத்தில்தான் குளிர் நுழைந்தது.

குளிர் உயிரைக் காக்கும் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டெம்பிள் ஃபே என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 1930களின் கடைசியிலேயே நோயாளிகளைப் பனிக்கட்டியால் குளிர்வித்துப் பார்த்தார். 1952 செப்டம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறுமியின் உடலைக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, இதயத்தைத் திறந்து ஓட்டையைத் தைத்தார்கள். பிறகு 1999 மே மாதம் நார்வேயில் நடந்தது உலகெங்கும் மருத்துவ மாணவர்களின் வாயில் அடிபட்டது. பனிச்சறுக்குக்குப் போன ஓர் இளம் பெண் மருத்துவர், உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடங்கள் சிக்கிக்கொண்டார். மருத்துவமனைக்கு வந்தபோது உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ், இதயம் நின்றிருந்தது. அவர் பிழைத்தார். மீண்டும் மருத்துவராகவே வேலைக்கும் போனார்.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் இந்தப் பசி ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். பசி குறைந்தால் பட்டினியைத் தாங்கும் காலம் நீளும். அதோடு, செத்துக்கொண்டிருக்கும் நரம்பணுக்கள் கக்கும் நச்சு வேதிப்பொருட்களும் குளிரில் மட்டுப்படுகின்றன. மியாமியில் எலிகளை வைத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள் 1987இல் வெளியிட்ட முடிவுதான் துறையையே உசுப்பியது. மூளையின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே, அதே அளவு ரத்தத்தடையில் சாகும் நரம்பணுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. உறைய வைக்க வேண்டியதில்லை, லேசாகக் குளிர்வித்தால் போதும். அடுத்த பத்தாண்டுகளில் எலிகளுக்குப் பக்கவாதம் வரவழைத்துக் குளிர்வித்த ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலானவை நல்ல செய்தியே சொல்லின.

மனிதர்களிடம் ஹைடல்பர்க் குழு செய்து பார்த்தது. ஸ்டெஃபான் ஷ்வாப் தலைமையில் 1998இல் வெளியான அந்த ஆய்வில் 25 பேர். எல்லோரும் கடும் பக்கவாத நோயாளிகள். மயக்கமூட்டி, தசைகளைச் செயலிழக்கச் செய்து, வென்டிலேட்டரில் போட்டு, குளிர்நீர் ஓடும் போர்வை, விசிறி, ஆல்கஹால் ஒற்றல் என்று எல்லாவற்றையும் பயன்படுத்தி உடல் வெப்பத்தை 33 டிகிரிக்கு இறக்கினார்கள். நம் வீட்டுத் தெர்மாமீட்டர் கணக்கில் 91.4. அங்கேயே இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தார்கள். மண்டைக்குள் செருகிய அழுத்தமானி, அழுத்தம் இறங்குவதைக் காட்டியது. 25 பேரில் 14 பேர் பிழைத்தார்கள். இறந்தவர்கள் 44 சதவீதம். 78க்கும் 44க்கும் உள்ள தூரத்தைப் பார்த்த எவருக்கும் நம்பிக்கை பிறந்திருக்கும்.

ஆனால் அதே அறிக்கையில் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, பத்தில் நான்கு பேருக்கு நிமோனியா. இரண்டாவது இதைவிட மோசமானது. குளிர்வித்திருந்த வரை அடங்கியிருந்த மண்டை அழுத்தம், உடலை மறுபடி சூடேற்றத் தொடங்கியதும் சீறிக்கொண்டு மேலேறியது. இறந்தவர்கள் அனைவரும் அப்போதுதான் இறந்தார்கள். குளிர் வீக்கத்தை ஒழிக்கவில்லை, ஒத்திப்போட்டிருந்தது. கடனை ஒத்திப்போட்டால் வட்டி ஏறுவதுபோல, சூடேற்றும் வேளையில் எல்லாம் சேர்ந்து வந்தது. 50 நோயாளிகளுடன் 2001இல் வெளியான அடுத்த அறிக்கையும் இதையே சொன்னது. மெதுவாகச் சூடேற்றினால் சீற்றம் சற்றுக் குறைந்தது. ஆனால் மெதுவாகச் சூடேற்றுவதென்றால் இன்னும் ஒரு நாள் மயக்கம், இன்னும் ஒரு நாள் வென்டிலேட்டர், நுரையீரலில் கிருமி சேர இன்னும் ஒரு நாள்.

இதே காலத்தில் இன்னொரு யோசனையும் வளர்ந்துகொண்டிருந்தது. அதில் நுணுக்கம் ஏதும் இல்லை. கிட்டத்தட்ட தச்சு வேலை. வீக்கத்துக்கு இடம் இல்லை என்பதுதானே பிரச்சினை? இடம் கொடுத்துவிட்டால்? பாதிக்கப்பட்ட பக்கத்து மண்டையோட்டில் 12 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு துண்டை அறுத்தெடுத்து, மூளை உறையைத் திறந்து விரித்து, தோலை மட்டும் மூடித் தைத்துவிடுவார்கள். மூளை வெளிப்பக்கமாக வீங்கிக்கொள்ளும். வீக்கம் வடிந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து எலும்பைத் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை அந்த எலும்பை உறைபெட்டியில் வைப்பதுண்டு. இந்திய மருத்துவமனைகளில் பலவற்றில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே புதைத்து வைக்கிறார்கள். காப்பாற்ற இதைவிட மலிவான, பத்திரமான இடம் கிடையாது.

குளிரை வளர்த்தெடுத்த ஹைடல்பர்கே இரண்டையும் ஒப்பிட்டது. 2002இல் வெளியான 36 பேர் கணக்கில், எலும்பு நீக்கியவர்களில் 12 சதவீதம் பேரும் குளிர்வித்தவர்களில் 47 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத சிறிய ஒப்பீடு அது. ஆனால் வித்தியாசம் சிறியதல்ல. அடுத்து பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளில் சீட்டுக் குலுக்கிய முறையில் நடந்த மூன்று அறுவை சிகிச்சை ஆய்வுகளின் முடிவுகளை 2007இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 60 வயது வரையிலான 93 பேர். பக்கவாதம் வந்து 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 78 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். செய்துகொள்ளாதவர்களில் 29 சதவீதம்தான். இருவருக்கு அறுவை செய்தால் ஒருவர் பிழைக்கிறார். மருத்துவத்தில் இப்படி ஒரு கணக்கு அபூர்வம்.

பிழைத்து எப்படி வாழ்கிறார்கள்? உறவினர்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். அறுவை செய்துகொண்டவர்களில் 43 சதவீதம் பேர் கைத்தடியோ பிறர் துணையோ சிறிது இருந்தாலும் நடக்கும் நிலைக்கு வந்தார்கள். மற்றக் குழுவில் 21 சதவீதம். ஆனால் அறுவையால் பிழைத்தவர்களில் இன்னொரு பெரும் பகுதியினர் தாமாக நடக்க முடியாமல், குளிப்பதற்கும் உடுப்பதற்கும் பிறரை எதிர்பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களிடம் தனியாக ஓர் ஆய்வு 2014இல் வந்தது. ஓராண்டில் இறந்தவர்கள் அறுவைக் குழுவில் 43 சதவீதம், மற்றக் குழுவில் 76 சதவீதம். உயிர் மிஞ்சியது உண்மை. ஆனால் பிழைத்த முதியவர்களில் பெரும்பாலோருக்குப் பெரும் ஊனம் தங்கிவிட்டது. தலையைத் திறப்பது என்றால் பதறும் குடும்பத்துக்கு, குளிர்வித்தல் என்ற சொல் இதமாகக் கேட்பதில் வியப்பில்லை. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. அந்த இதம் ஏமாற்றக்கூடியது. இரண்டில் உயிரைக் காப்பதாக நிரூபிக்கப்பட்டது கத்திதான்.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்று ஜெர்மானியர்கள் கேட்டது இயல்பு. எலும்பை நீக்கிவிட்டால், சூடேற்றும்போது வரும் அழுத்தச் சீற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. குளிரின் நன்மை மட்டும் மிஞ்சும். காகிதத்தில் பழுதில்லாத தர்க்கம். டெப்த்-சாஸ் என்று பெயரிட்ட அந்த ஆய்வில் எல்லோருக்கும் எலும்பு நீக்கும் அறுவை. பிறகு சீட்டுக் குலுக்கி, ஒரு பாதியினரை 33 டிகிரியில் குறைந்தது மூன்று நாள் வைத்தார்கள். 324 பேரைச் சேர்ப்பது திட்டம். 50 பேருடன் நின்றுபோனது. பாதுகாப்பைக் கண்காணித்தவர்கள் கையை உயர்த்திவிட்டார்கள். 2019இல் வெளியான முடிவுப்படி, இரண்டு வாரத்துக்குள் குளிர்வித்த 26 பேரில் 5 பேரும் குளிர்விக்காத 24 பேரில் 3 பேரும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஓராண்டுக்குள் கடும் பக்கவிளைவுக்கு ஆளானவர்கள் குளிர்வித்த குழுவில் 80 சதவீதம், மற்றதில் 43 சதவீதம். அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. நடமாட்டத்திலோ பேச்சிலோ குளிர்வித்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. குளிரூட்டலின் தாயகத்திலேயே, அதை நம்பியவர்களே நடத்திய ஆய்வு இது. முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்டலாம்.

எலிக்குப் பலித்தது மனிதனுக்கு ஏன் பலிக்கவில்லை? எலியை அடைப்பு ஏற்பட்டவுடன், சில சமயம் அதற்கு முன்பே குளிர்விக்கலாம். ஹைடல்பர்கில் குளிர்வித்தல் தொடங்கும்போது பக்கவாதம் வந்து சராசரியாக 14 மணி நேரம் ஆகியிருந்தது. எலி சின்ன உருவம், சட்டென்று குளிரும். 70 கிலோ மனிதனை 33 டிகிரிக்கு இறக்க மணிக்கணக்காகிறது. இதற்கும் மேலே, எலிக்கு வயது குறைவு. அதற்குச் சர்க்கரை நோய் கிடையாது, முப்பது வருஷம் பீடி குடித்த நுரையீரலும் கிடையாது.

வீக்கம் இல்லாத, விழித்திருக்கும் பக்கவாத நோயாளிகளிடம் செய்த முயற்சிகள் வேறு விதமாகத் தடுக்கி விழுந்தன. 36 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகப் பார்த்தாலே உடல் வெடவெடக்கத் தொடங்கும். நடுக்கம் என்பது உடல் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. ஒரு பக்கம் குளிர்விக்க, மறுபக்கம் உடல் அடுப்பு மூட்டுகிறது. அதை அடக்க பெத்தடின் போன்ற மருந்துகள் வேண்டும். அவை இருமலையும் விழுங்கும் திறனையும் மந்தமாக்கும். ஏற்கெனவே சரியாக விழுங்க முடியாத நோயாளியின் எச்சில் நுரையீரலுக்குள் இறங்க இது போதும். தொடை ரத்தக்குழாய் வழியே குளிர்க்குழாய் செலுத்திய ஓர் அமெரிக்க ஆய்வில் (2010) குளிர்வித்த 28 பேரில் 14 பேருக்கு நிமோனியா வந்தது. மற்ற 30 பேரில் மூவருக்குத்தான். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 1,500 பேரை இலக்காக வைத்துத் தொடங்கிய யூரோஹிப் ஆய்வு 2018இல் 98 பேருடன் மூடப்பட்டது. அதில் குளிர்விக்க ஒதுக்கிய 49 பேரில் குறித்த வெப்பநிலையைச் சரியாக எட்டியவர்கள் 15 பேர் மட்டுமே. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், சிகிச்சையைக் கொடுக்கவே முடியவில்லை.

பக்கத்துத் துறைகளிலிருந்து வந்த தெம்பும் வற்றிப்போனது. இதயம் நின்று மீட்கப்பட்டவர்களைக் குளிர்வித்தால் மூளை தப்புகிறது என்று வியன்னாவை மையமாகக் கொண்ட ஐரோப்பியக் குழுவும் மெல்பர்ன் குழுவும் 2002இல் சொன்னபோது உலகம் கைதட்டியது. 2021இல் சுமார் 1,900 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர்விப்பதற்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதற்கும் இடையே பலனில் வேறுபாடு தெரியவில்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளுக்குக் குளிர் பயன்படுகிறது என்பது மேலைநாடுகளில் நிலைநாட்டப்பட்ட உண்மை. விலை உயர்ந்த எந்திரங்கள் இல்லாமல் அதைச் செய்ய, உருகி வெப்பத்தை உறிஞ்சும் பொருளை அடுக்கிய ஒரு தொட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஒத்துழைப்புடன் இந்தியாவில் உருவானது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வு அதிர்ச்சி தந்தது. எந்திரம் வைத்துக் குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தன. குளிர்விக்காதவற்றில் 31 சதவீதம். லண்டனில் பலித்தது இங்கே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேதனையான சாட்சியம் வேண்டாம்.

அமெரிக்க இதய சங்கத்தின் 2019 வழிகாட்டு நெறிகள், பக்கவாதத்தில் குளிர்விப்பதால் பலன் உண்டா என்பது நிச்சயமில்லை என்றும் ஆய்வு என்ற அளவில்தான் அதைச் செய்யலாம் என்றும் சொல்லின. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் யாராவது இதைப் புதுமையான சிகிச்சை என்று சொல்லி மதிப்பீட்டுத் தாளை நீட்டினால், குடும்பத்தினர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எலும்பை நீக்கும் அறுவை பற்றித்தான். மேலே சொன்ன பலனெல்லாம் 48 மணி நேரத்துக்குள் செய்ததற்கு உரியது. முடிவெடுக்க மூத்த மகன் விமானம் ஏறி வரட்டும் என்று காத்திருக்கும் வீடுகளில் அந்த நேரம் அப்படியே கரைந்துபோகிறது.

குளிர்விப்பதற்கும் காய்ச்சலைத் தணிப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காய்ச்சல் பக்கவாத மூளைக்குப் பகை. கோபன்ஹேகனில் 390 நோயாளிகளைப் பார்த்து 1996இல் சொன்னார்கள்: மருத்துவமனைக்கு வரும்போது உடல் வெப்பம் ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால், மோசமான விளைவுக்கான அபாயம் இரு மடங்குக்கு மேல். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஒரு பகுதியில் நர்சுகளுக்கு மூன்று வேலைகள் கொடுத்தார்கள். மூன்று நாளைக்குத் தவறாமல் காய்ச்சல் பார்த்து, 37.5 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால். ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாய்வழியே எதுவும் கொடுக்காமலிருப்பது. மூன்று மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்ந்து 42 சதவீதம். இந்த முறை இல்லாத பிரிவுகளில் 58 சதவீதம். 2011இல் வந்த இந்த முடிவைச் சாதித்தது மூன்றில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 677 பேரை வைத்து 2024இல் வெளியான ஆய்வில், தானியங்கிக் கருவியால் காய்ச்சல் வராமல் தடுக்க முயன்றும் மூன்று மாத முடிவில் மாற்றமில்லை. வந்த காய்ச்சலைத் தணிப்பது நர்சின் அன்றாட வேலை. அதற்கு லட்ச ரூபாய் எந்திரம் தேவை என்பது இதுவரை நிரூபணமாகவில்லை.

குளிர் முற்றிலும் கைவிடப்பட்டதா என்றால் இல்லை. 2015இல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, பெரிய குழாய் அடைப்புகளில் தொடை வழியே மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி ரத்தக்கட்டியை இழுத்தெடுப்பது முதன்மைச் சிகிச்சையாகிவிட்டது. நேரத்தில் எடுத்துவிட்டால் அந்தப் பெரிய வீக்கமே பல சமயம் வருவதில்லை. பெய்ஜிங்கின் ஷுவான்வூ மருத்துவமனையில் ஜி ஷுன்மிங்கின் குழு, அதே குழாய் வழியாகவே 4 டிகிரிக்குக் குளிர்ந்த உப்புநீரைச் சுமார் 350 மில்லிலிட்டர் நேரே மூளையின் பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலுத்திப் பார்த்தது. வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. உடல் முழுவதும் குளிர்வதில்லை, நடுக்கம் இல்லை, பெத்தடின் தேவையில்லை. சிறிய எண்ணிக்கையில் செய்தபோது ஆபத்து கூடவில்லை. குழாய் செலுத்தும் வசதி உள்ள மருத்துவமனைக்குச் சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் இது. இந்தியாவில் அந்த மருத்துவமனைகள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கின்றன.